வீடு புகுந்த ஆமை

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அமீனா என்பவன் நீதிமன்றத்தின் ஆணையைக் கையிலேந்தி வந்து, கடன்பட்டவனின் பண்டபாத்திரங்களைச் சப்தி செய்பவன். அவன் நுழைந்த வீடு என்னவாகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. ஆனால், ஒருவருக்கும் தீங்கு நினையாத ஆமையை அவனோடு ஒரே வரியில் சேர்த்துவைத்தது ஏன்? கல்லாமை, இல்லாமை, பொறாமை என்னும் சொற்களின் இறுதியில் ஒளிந்து நிற்கும் ‘ஆமை’களையே முன்னோர் குறித்தனர் என்று சொற்பொழிவாளர் சிலர் நயம்படப் பொருள் கூறுவர். அது எவ்வாறாயினும் ஆகுக. உயிரினங்களின் வாழ்க்கையை உற்று நோக்குவோருக்கு இப்பழமொழியைத் திருப்பிச் சொல்வதே பொருத்தமாகத் தோன்றும். ஆமை புகுந்த வீடு கெடுகிறதோ இல்லையோ, வீடு புகுந்த ஆமை பெரும்பாலும் கெட்டுப்போகிறது.

அது பசியால் கெடுவது அரிது. வீட்டுக்கு ஓர் ஆமைக்குஞ்சு வந்துவிட்டால், சிறுவர் தம் உணவையும் மறந்து அதற்கு உணவு தேடுவர். கீரையும் பழமும் குவியும். ஆயினும் சில மாதங்களில் அதன் கண்கள் வீங்கும், ஓடு கோணும், ஒருநாள் காலையில் அசைவற்றுக் கிடக்கும். “நன்றாகத்தானே கவனித்தோம்” என்று வீட்டார் வருந்துவர். அவர்கள் கவனியாதுவிட்ட பொருள் ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. கையால் பிடிக்க முடியாதது. ஆமை சுவாசித்த காற்றிலிருந்த ஈரமே அது.

வன்னியின் ஆமைகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் வாழ்வோர் கடலாமை நீங்கலாக மூவகை ஆமைகளைக் கண்டிருப்பர். குளங்களிலும் வாய்க்கால்களிலும் வாழும் பாலாமை ஒன்று; மென்மையான தோல் போர்த்த ஓடுடையது. கருநிற ஓட்டையுடைய காராமை மற்றொன்று. நீரிலும் கரையிலும் திரிவது. மூன்றாவது நட்சத்திர ஆமை. மேடான கரிய ஓட்டின் ஒவ்வொரு தகட்டிலும் நடுவே மஞ்சட் புள்ளியும், அதிலிருந்து நாற்புறமும் விரியும் மஞ்சட் கதிர்களும் கொண்டு, உதிர்ந்த இலைகளின் மேல் வெயிற் புள்ளிகள் விழுந்தாற்போல் தோற்றமளிக்கும். இது நீர் ஆமையன்று. முற்றிலும் நிலத்தில் வாழ்வது. இலங்கையின் உலர் வலயத்திலும், தென்கிழக்கு இந்தியாவிலும், வடமேற்கு இந்தியாவையும் பாகிஸ்தானையும் சார்ந்த எல்லைப் பகுதியிலும் மட்டுமே இயற்கையாகக் காணப்படுவது. 1795 ஆம் ஆண்டிலேயே அறிவியலார் இதற்குப் பெயரிட்டு விவரித்துள்ளனர்.

இவ்வேறுபாட்டை அறியாமையாலும் ஒரு தீமை நேர்கிறது. கிணற்றில் ஆமை விடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆமை என்றால் நீரில் வாழ்வது என்ற எண்ணத்தில் நட்சத்திர ஆமையையும் கிணற்றில் விட்டால், நீந்தத் தெரியாத அப்பிராணி மூழ்கி இறந்துபோகும். நீர் அதற்குப் பகை. ஆனால் ஈரம் அதற்கு உயிர். இந்த நுட்பத்தை விளங்கிக்கொண்டால் எஞ்சியவையெல்லாம் எளிதில் விளங்கும்.

புதரடியின் வானிலை

வன்னியை வறண்ட நாடு என்று புவியியற் பாடத்தில் படிக்கிறோம். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் தைவரை வாடைக் காற்றோடு வந்து பொழிந்துவிடுகிறது. வைகாசி முதல் புரட்டாதிவரை வீசும் சோளகக் காற்றோ, தன் நீரையெல்லாம் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு நம்மிடம் வந்து சேர்கிறது. குளங்கள் வற்றும், வயல்கள் வெடிக்கும். இத்தகைய நாட்டில் பிறந்த ஆமைக்கு வறட்சி பழகிப்போயிருக்கும் என்று எண்ணுவது இயல்பே. நட்சத்திர ஆமையை வளர்த்த பிறநாட்டார் பலரும் அவ்வாறே எண்ணி, காய்ந்த மணலும் சூடான விளக்கும் வைத்த பெட்டிகளில் அதனை அடைத்தார்கள்.

ஆனால் ஆமை வாழும் வன்னி வேறு. நாம் நின்றுகொண்டு பார்க்கும் வன்னி வேறு. நமது மூக்கு தரையிலிருந்து நான்கைந்து அடி உயரத்தில் இருக்கிறது. ஆமையின் மூக்கோ தரையிலிருந்து ஓரிரு அங்குல உயரத்தில், அதுவும் புதரின் அடியில் இருக்கிறது. காரையும் சூரையும் ஈஞ்சும் பின்னிக் கிடக்கும் புதரடியில் வெயில் நுழைவதில்லை. காற்று வேகமாக வீசுவதில்லை. உதிர்ந்த இலைகள் மெத்தைபோற் படிந்து, மண்ணின் ஈரம் விரைந்து ஆவியாகாதபடி மூடிக்கொண்டிருக்கும். இரவில் இறங்கும் பனி இலைகளில் தங்கும். புற்களும் செடிகளும் தம் இலைகளின் வழியே நீராவியை வெளிவிட்டபடியே இருக்கும். இவையெல்லாம் சேர்ந்து, மேலே அனல் வீசும் பங்குனி நண்பகலிலும் கீழே வேறொரு வானிலையை உண்டாக்குகின்றன.

நட்சத்திர ஆமை அந்த வானிலையைத் தேடியே தன் நாளை வகுத்துக்கொள்கிறது. கோடையில் விடியலிலும் மாலையிலும் மட்டும் வெளியே வந்து மேயும். நண்பகலில் புதருக்குள்ளோ புல்லடர்த்திக்குள்ளோ புகுந்துவிடும். மழை தொடங்கியதும் பகல் முழுவதும் நடமாடும், இணை தேடும். சின்னஞ்சிறு குஞ்சுகளோ இலைச் சருகின் கீழிருந்து அரிதாகவே வெளிப்படும். அதனாலேயே காட்டில் குஞ்சுகளைக் காண்பது அருமை.

ஆமை தன் வீட்டைச் சுமந்து திரிகிறது என்கிறோம். தன் காற்றை அது சுமந்து திரிவதில்லை. அக்காற்று புதரடியில் இருக்கிறது. ஆமையைத் தூக்கி வருபவர் அதனை விட்டுவிட்டு வருகிறார்.

சாரீரப்பதன் சொல்லும் கணக்கு

காற்றில் ஈரம் இருக்கிறது என்று சொன்னாற் போதாது, அளவு வேண்டும். குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் வளி ஏற்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. 25 பாகை செல்சியசில் அவ்வெல்லை ஏறத்தாழ 23 கிராம். 35 பாகையில் ஏறத்தாழ 40 கிராம். 40 பாகையில் ஏறத்தாழ 51 கிராம். அவ்வெல்லையில் எத்தனை வீதம் உண்மையில் வளியில் உள்ளது என்பதையே சாரீரப்பதன் என்கிறோம்.

காலையில் வெப்பநிலை 25 பாகையாகவும், சாரீரப்பதன் 90 வீதமாகவும் இருக்கின்றன என வைத்துக்கொள்வோம். அப்பொழுது ஒரு கன மீற்றரில் 20.7 கிராம் நீராவி உண்டு. நண்பகலில் அறையின் வெப்பம் 35 பாகைக்கு ஏறுகிறது. ஒரு துளி நீரும் வெளியேறவில்லை. ஆயினும் வளியின் கொள்ளளவு 40 கிராமுக்கு விரிந்துவிட்டமையால் சாரீரப்பதன் 52 வீதமாக இறங்கிவிடுகிறது. தகரக் கூரையிட்ட அறையாயின் 40 பாகையை எட்டும். சாரீரப்பதன் 40 வீதத்தை அடையும். பசித்த வயிறு விரிந்தாற்போல், சூடான வளி கண்ட இடமெல்லாம் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். கொடியிலுள்ள துணி விரைந்து உலர்வதும் இதனாலேயே. சீமெந்துத் தரையில், அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும் ஆமைக்குஞ்சு உலர்வதும் இதனாலேயே. போதாக்குறைக்கு, “பாவம், வெக்கையாக இருக்குமே” என்று அதற்கு மின்விசிறியையும் போட்டுவிடுவோர் உண்டு. இரக்கத்தால் செய்யும் அச்செயல் அதன் வாட்டத்தை மேலும் விரைவாக்கும்.

ஐம்பொறிகளை அடக்குவதற்கு ஆமையை உவமை கூறினார் வள்ளுவர். கீதையும் அவ்வுவமையை எடுத்தாள்கிறது. தலையையும் நான்கு கால்களையும் உள்ளிழுத்துக்கொண்டு நரிக்கும் நாய்க்கும் அது தப்பிவிடலாம். வறண்ட காற்றுக்கு அவ்வாறு தப்ப இயலாது. எவ்வளவு ஒடுங்கினாலும் மூச்சுவிட்டேயாகவேண்டும். ஒவ்வொரு மூச்சோடும் அதன் உடலின் நீர் வெளியேறிக்கொண்டேயிருக்கும்.

ஓடு ஏன் கூம்புகிறது?

வறட்சி முதலில் எழுதப்படும் ஏடு ஆமையின் ஓடு. அவ்வோடு வெறும் கவசமன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றிணைந்து அமைந்த உயிருள்ள உறுப்பு. எலும்பின் மேலே, நமது நகத்தை ஆக்கும் கெரற்றின் என்னும் பொருளாலான தகடுகள் போர்த்திருக்கின்றன. குஞ்சு வளர வளர ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் புதிய கெரற்றின் வளையம் வளையமாகச் சேர்கிறது. அப்புதிய விளிம்பு மென்மையானது. சுற்றிலும் போதிய ஈரம் இருந்தால் அது தட்டையாகப் பரந்து வளரும். காற்று வறண்டிருந்தால் விரைவில் உலர்ந்து இறுகிக் கீழ்நோக்கி வளையும். அடியிலுள்ள எலும்பும் அவ்வளைவையே பின்பற்றும். முடிவில் ஒவ்வொரு தகடும் எகிப்திய கூர்ங்கோபுரம்போற் கூம்பி நிற்கும். இவ்வாறு நிகழ்வதாகவே ஆய்வாளர் பலரும் விளக்குகின்றனர்.

முன்னாளில் இக்குறைபாட்டுக்கு உணவிலுள்ள மிகையான புரதமே காரணம் என்று நம்பினர். 2003 இல் ஒஸ்திரியா நாட்டு ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை அசைத்தது. ஆபிரிக்க நில ஆமை இனமொன்றின் ஐம்பது குஞ்சுகளைப் பல குழுக்களாகப் பிரித்து, புரதத்தின் அளவையும் காற்றின் ஈரத்தையும் மாற்றி மாற்றி ஐந்து மாதங்கள் வளர்த்துப் பார்த்தனர். ஈரமான காற்றில் வளர்ந்தவற்றின் ஓடுகள் வழுவழுப்பாக அமைந்தன. வறண்ட காற்றில் வளர்ந்தவற்றின் ஓடுகள் கூம்பின. புரதத்தின் விளைவோ மிகச் சிறிதாகவே இருந்தது. இதன் பின்னரே ஆமை வளர்ப்போரின் எண்ணம் உணவுத் தட்டிலிருந்து காற்றின்பால் திரும்பிற்று.

இங்கே ஒரு குறிப்பு அவசியம். காட்டில் வாழும் நட்சத்திர ஆமைகள் சிலவற்றிலும் தகடுகள் சற்று மேடாக அமைவதுண்டு. ஆதலால் சிறிய மேட்டைக் கண்டதும் நோய் என்று முடிவுகட்டலாகாது. அன்றியும், எலும்பின் உறுதிக்குக் கல்சியமும், சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிரும் இன்றியமையாதவை. ஈரம் இவற்றுக்கு ஈடாகாது. இவற்றோடு சேர்ந்து நிற்கவேண்டியது.

கோணிய ஓட்டை நாம் கண்ணால் காண்கிறோம். காணாதவை உள்ளே நிகழ்கின்றன. நில ஆமைகள் தம் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாகவும் அதன் உப்புக்களாகவும் வெளியேற்றுகின்றன. நீர் போதாதபோது அவ்வுப்புக்கள் சிறுநீர்ப்பையில் திரண்டு கல்லாகின்றன, சிறுநீரகம் பழுதடைகின்றது. ஆமையின் சிறுநீர்ப்பை நீர்த்தொட்டிபோலவும் பயன்படுவது. வறட்சிக் காலத்தில் அதிலிருந்து உடல் நீரை மீட்டுக்கொள்ளும். நில ஆமைகள் பல, எவரேனும் திடீரெனத் தூக்கினால் அச்சத்தால் அந்நீரை வெளியேற்றிவிடுகின்றன. சிறுவர்கள் அதனைக் கண்டு சிரிப்பர். உண்மையில் அது தன் கோடைகாலச் சேமிப்பை இழந்துவிட்டது.

ஈரம் மிகுந்தால்?

ஈரம் நல்லதென்றால் எப்பொழுதும் நனைத்துவைப்போம் என்று எண்ணலாகாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. எந்நேரமும் சேற்றில் கிடக்கும் ஆமையின் வயிற்றோட்டில் பூஞ்சணமும் பற்றீரியாவும் பற்றி அழுகச் செய்யும். வெப்பமும் ஈரமும் சேர்ந்திருந்தால் நட்சத்திர ஆமை தாங்கிக்கொள்ளும்; குளிரும் ஈரமும் சேர்ந்தால் தாங்காது. மூக்கில் நீர் வடியும். வாய் திறந்து மூச்சுவிடும். பின்னர் நுரையீரலில் சளி கட்டும். நம்மைப்போல் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு என்னும் தசை ஆமைக்கு இல்லை. ஆதலால் இருமிச் சளியை வெளியேற்றவும் அதனால் இயலாது. மார்கழி, தை மாதங்களின் வாடைக் குளிரில் நனைந்த சாக்கின் மேல் ஆமையைக் கிடத்துவது, பங்குனியில் அதனைத் தகரக் கூரையின் கீழ் வைப்பதற்கு இணையான தீங்கு.

ஆகவே வேண்டியது ஈரமன்று, ஈரத்தின் ஒழுங்கு. ஒரே கூண்டுக்குள் வெப்பமான இடமும் தணிந்த இடமும், உலர்ந்த மேற்பரப்பும் ஈரமான மறைவிடமும் இருக்கவேண்டும். எது எப்பொழுது வேண்டும் என்பதை ஆமையே தெரிந்துகொள்ளும்.

யாருக்கு இந்த அறிவு பயன்படும்?

ஆமை வளர்க்க ஆசைகொண்டு இதுவரை வாசித்தவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளவேண்டும். நட்சத்திர ஆமை நம் நாட்டில் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்டது. அதனைக் காட்டிலிருந்து பிடிப்பதும், அனுமதியின்றி வைத்திருப்பதும், விற்பதும் குற்றமாகும். இந்தியாவிலும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அதனைக் காக்கிறது.

அப்படியாயின் கூண்டைப்பற்றிய அறிவு எதற்கு? மீட்கப்பட்ட ஆமைகளைப் பேணும் அலுவலர்க்கும், விலங்குக் காட்சிச்சாலையினர்க்கும், கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர்க்கும் அது நாளாந்தத் தேவை. ஆந்திரத்தின் ஸ்ரீகூர்மம் என்னும் திருத்தலத்தில், கூர்மாவதாரத் திருமாலின் கோயில் வளாகத்திலேயே நட்சத்திர ஆமைகள் பேணப்படுகின்றன. அடியார்கள் அவற்றுக்குக் கீரை ஊட்டுகின்றனர். அத்தகைய இடங்களுக்கும் இது வேண்டும். வெளிநாடுகளில் வாழும் நம் உறவினரின் பிள்ளைகள், கூண்டிற் பிறந்து உரிய பத்திரங்களுடன் விற்கப்படும் ஆமைகளை வளர்ப்பதுண்டு, அவர்களுக்கும் வேண்டும். வீதியில் அடிபட்ட ஆமையை, அதிகாரிகள் வரும்வரை ஓர் இரவு காக்க நேரும் வன்னிக் குடும்பத்துக்கும் வேண்டும்.

அளக்கும் வழி

முதலில் அளவு. சாரீரப்பதனைக் காட்டும் ஈரமானிகள் இப்பொழுது மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுட் பல பொய் சொல்லும். மெய்யறிய நம் ஆனையிறவு உப்பே போதும். ஒரு போத்தல் மூடியில் உப்பை இட்டு, ஈர மணல்போல் ஆகும்வரை சில துளி நீர் விட்டு, அதனையும் ஈரமானியையும் காற்றுப் புகாத ஒரு கண்ணாடிப் பாத்திரத்துள் வைத்து மூடுங்கள். உப்பு கருவியைத் தொடலாகாது. அரைநாள் கழித்துப் பாருங்கள். ஈர உப்புக்கு மேலுள்ள வளியின் சாரீரப்பதன், நம் நாட்டு அறை வெப்பநிலையில், 75 வீதமாகவே நிற்கும். கருவி 68 என்று காட்டினால் அது ஏழு குறைத்துச் சொல்கிறது என்பது துணிவு.

பாடசாலைகளில் அக்கருவியும் வேண்டியதில்லை. இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரமான மெல்லிய துணியைச் சுற்றி, இரண்டுக்கும் காற்றுப்படும்படி விசிறுங்கள். உலர்குமிழ் 32 பாகையும் ஈரக்குமிழ் 26 பாகையும் காட்டினால் சாரீரப்பதன் ஏறத்தாழ 62 வீதம். உலர்குமிழ் 34, ஈரக்குமிழ் 24 என்றால் ஏறத்தாழ 43 வீதம். இடைவெளி கூடக்கூட வறட்சி கூடும். ஏனைய அளவுகளுக்கான அட்டவணை பௌதிக நூல்களில் உண்டு.

கூண்டின் அமைப்பு

அளந்தபின் அமைப்பு. நட்சத்திர ஆமைக் குஞ்சுகளுக்கு 70 முதல் 80 வீதம் வரையிலான சாரீரப்பதனும், வளர்ந்தவற்றுக்கு 60 வீதத்தை அண்டிய அளவும் தக்கவை என வளர்ப்போர் கொள்வர். அதனைப் பெறத் தெளிப்பானைக் கையிற் பிடித்துக்கொண்டு நாள் முழுதும் நிற்பது வீண். தெளித்த நீர் அரைமணியில் ஆவியாகிவிடும். புதரடி செய்வதையே நாமும் செய்யவேண்டும். ஈரத்தைக் கீழே வைத்து மேலே மூடவேண்டும்.

கூண்டின் தரையில் நான்கு அங்குல உயரத்துக்குத் தென்னந் தும்புத் தூளும் மண்ணும் கலந்து பரப்புங்கள். அதன்மேல் உலர்ந்த இலைகளை இடுங்கள். நீரை மேலே தெளிக்காமல், கூண்டின் மூலைகளில் மெல்ல ஊற்றுங்கள். அது அடியில் பரவி நிற்கும். அடிப்பகுதி ஈரமாகவும், ஆமை நடக்கும் மேற்பகுதி ஏறக்குறைய உலர்ந்தும் இருக்கும். தும்புத் தூள் பஞ்சுபோல் நீரைப் பிடித்துவைத்து, நாளெல்லாம் சிறிது சிறிதாக ஆவியாக்கும்.

ஒரு பக்கத்தில், வாய் உடைந்த மட்பானையைச் சரித்துப் புதைத்து அதனுள் ஈர இலைகளை வையுங்கள். அதுவே கூண்டின் புதரடி. மறுபக்கத்தில் வெயிலோ விளக்கோ படும் உலர்ந்த இடம் இருக்கட்டும். கூண்டின் மேற்புறம் முழுவதும் கம்பிவலையாக இருந்தால் ஈரம் நில்லாது. முக்காற்பங்கைப் பலகையால் மூடி, எஞ்சியதைத் திறந்துவிடுங்கள். ஆமையின் தாடைக்கு மேற்படாத ஆழத்தில் ஒரு தட்டில் நல்ல நீர் எந்நாளும் இருக்கவேண்டும். எச்சத்தை நாள்தோறும் அகற்றவேண்டும். கூண்டைத் திறந்ததும் முதல் மழைக்குப் பின் எழும் மண்வாசனை வந்தால் எல்லாம் நலம். புளித்த நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்துவிட்டது. தும்புத் தூளை மாற்றிவிடுங்கள்.

குளிர்நாடுகளில் வாழ்வோர்க்கு ஒரு தனி எச்சரிக்கை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ வெளியே மூடுபனியும் மழையுமாக இருக்க, வீட்டுக்குள் ஈரம் குறையுமா என்று கேட்பர். குறையும். 0 பாகையில் முற்றிலும் நிறைவுற்ற வளிகூட ஒரு கன மீற்றரில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவியையே கொண்டிருக்கும். அவ்வளி வீட்டுக்குள் வந்து 22 பாகைக்குச் சூடேறினால் அதன் சாரீரப்பதன் 25 வீதம். விளக்கின் கீழ் 30 பாகையை அடைந்தால் 16 வீதம். பங்குனி மாதத்து வன்னியிலும் புதரடியில் அத்தகைய வறட்சி இராது. பனி கொட்டும் நாட்டில், கண்ணாடி ஜன்னலுக்கு இப்பால், ஆமை பாலைவனத்தில் இருக்கிறது.

சந்தையிற் சென்ற நட்சத்திரங்கள்

இவ்வளவு நுட்பமான பராமரிப்பு வேண்டிய பிராணியைக் கடத்தல்காரர் எவ்வாறு கொண்டுசெல்கின்றனர்? துணியிற் சுற்றி, ஒட்டுநாடாவால் காலைக் கட்டி, பயணப் பெட்டிகளில் அடுக்கி. நீரும் காற்றும் இல்லை. அதன் ஓட்டின் அழகே அதற்குப் பகையாயிற்று. இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக மட்டும் ஆண்டொன்றில் 55,000 நட்சத்திர ஆமைகளுக்குக் குறையாமல் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாக 2015 இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. 2016 இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் இதனை அழிவாபத்துக்கு உட்படக்கூடிய இனமெனக் குறித்தது. 2019 இல் ஜெனீவாவில் நடைபெற்ற சைற்றிஸ் உடன்படிக்கை நாடுகளின் மகாநாட்டில், இலங்கை, இந்தியா, வங்காளதேசம், செனகல் ஆகிய நாடுகள் முன்வைத்த வேண்டுகோளின்படி, மிகக் கடுமையான பாதுகாப்புடைய முதலாம் பின்னிணைப்பில் இது சேர்க்கப்பட்டது. காட்டிற் பிடித்த நட்சத்திர ஆமையின் சர்வதேச வணிகம் இன்று தடைசெய்யப்பட்டதாகும்.

பிடித்ததைத் திரும்ப விடுவதும் எளிதன்று. 2018 நவம்பரில் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் இந்தியாவின் கர்நாடக மாநிலத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கும் உடனே காட்டில் விடப்படாமல், நோய் ஆராய்ந்து, சூழலுக்குப் பழக்கியபின்னரே விடத் திட்டமிடப்பட்டது. கூண்டில் நோய் தொற்றிய ஓர் ஆமை, காட்டிலுள்ள நூறு ஆமைகளுக்கு அதனைக் கொடுத்துவிடும். ஆதலால் பல நாள் வீட்டில் இருந்த ஆமையை இரவோடிரவாகக் காட்டோரம் விட்டுவருவது பரிகாரமாகாது; அதனை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் ஒப்படைப்பதே முறை.

நாம் செய்யக்கூடியது

போர் ஓய்ந்த 2009 க்குப் பின் வன்னியில் வீதிகள் அகன்றன; காணிகள் துப்புரவாயின; புதர்கள் குறைந்தன. மழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஆமைகள் நடமாடும்போது வீதி குறுக்கே வந்துவிடுகிறது. அங்கேதான் பெரும்பாலும் அவை நம் பிள்ளைகளின் கண்ணிற் படுகின்றன.

அடிபட்ட ஆமையாயின், காற்றுத்துளைகள் இட்ட பெட்டியில் ஈரமான இலைகளைப் பரப்பி, நிழலில், ஆரவாரமில்லாத இடத்தில் வையுங்கள். குளிர் இரவாயின் நனைந்த துணி வேண்டாம். இலைகளின் ஈரமே போதும். சோறும் பாணும் பாலும் கொடுக்கவேண்டாம். காயத்தின்மேல் எதையும் பூசவேண்டாம். திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

பிள்ளைகளின் ஆர்வத்தைத் தடுத்துவிட்டால் போதுமா என்று பெற்றோர் கேட்கலாம். தடுக்கவேண்டாம், திசை திருப்புங்கள். இரண்டு வெப்பமானிகளை அவர்கள் கையிற் கொடுங்கள். பங்குனி மாதத்து நண்பகலில் வகுப்பறையில் ஒரு தடவையும், வெட்டவெளியில் ஒரு தடவையும், வேலியோரப் புதரின் அடியில், தரையை ஒட்டி ஒரு தடவையும் சாரீரப்பதனை அளந்து எழுதச் சொல்லுங்கள். புதரைத் தொடுமுன் பாம்பு உண்டா என்று தடியால் தட்டிப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். மூன்று எண்களும் வெவ்வேறாக இருப்பதைக் காணும் மாணவன், புதரை வெட்டித் தீமூட்டும்போது எது எரிகிறது என்பதை எந்தப் பாடநூலும் சொல்லாமலே உணர்ந்துகொள்வான்.

காயமின்றி வீதியைக் கடக்கும் ஆமையாயின், வண்டிகள் வருகின்றனவா என்று இருபுறமும் பார்த்து, தரையோடு ஒட்டியவாறே இரு கைகளாலும் தாங்கி, அது போய்க்கொண்டிருந்த பக்கத்திலேயே, புதரோரமாக விட்டுவிட்டு வாருங்கள். வந்த பக்கம் விட்டால் மறுபடியும் கடக்க முயலும். அதன் ஈரத்தையும் வெப்பத்தையும் மேற்கொண்டு வன்னிக் காடு பார்த்துக்கொள்ளும்.